பின்பக்கம் ஸ்பிரிங் இல்லாத சைக்கிள்

என் மதிப்புக்கும் பயத்துக்கும் ஒருங்கே உரிய மூத்த மச்சான் அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் தங்கையைக் கட்டிக்கொண்டு சோபா ரிப்பேர் செய்து பிழைக்கும் மாப்பிள்ளை பணிவுடன் எழுதிக்கொள்வது.

இங்கு நானும் தங்கள் தங்கையும் தங்கள் மருமகளும் சுகம். 'நானும்' என்று எழுதியதில் என் இடது முழங்கால், வலது முழங்கை, இடுப்பின் இரண்டு பக்கம், அதற்குக் கீழே நேரில் பார்க்கும்போது மட்டும் சொல்லக்கூடிய இடங்கள் ஆகியவை சேராது. அங்கே தாங்களும் அக்காவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இல்லாமல் எங்கே போகும்? யோசனை சொன்னவர் தாங்கள், ஏறினவன்தானே நான்.

இந்தக் கடிதத்தைத் துணி வெட்டும் மேசைமேல் வைத்து நின்றுகொண்டே எழுதுகிறேன். ஊரில் இருப்பவர்களை எல்லாம் சுகமாக உட்கார வைத்துச் சோறு தின்றவன், இன்றைக்கு என் கடையில் ஏழு விதமான சோபா இருந்தும் ஒன்றிலும் உட்கார முடியாமல் நிற்கிறேன். "என்ன அண்ணே, காலைலேருந்து நின்னுகிட்டே இருக்கீங்க, கொஞ்சம் உக்காருங்களேன்" என்று வாடிக்கையாளர் ஒருவர் எனக்கே என் சோபாவைக் காட்டினார். வேலை முடிந்த சாமானில் நான் உட்காருவதில்லை என்று சமாளித்தேன். அவர் அதைத் தொழில் பக்தி என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

விஷயத்துக்கு வருகிறேன். தங்கள் மருமகளான என் மகளுக்கு மாப்பிள்ளை பார்ப்பதில் என் முறை என்ன என்பது தங்களுக்குத் தெரியும். படிப்பு, சம்பளம், சொந்த வீடு எதையும் நான் நோண்டிக் கேட்பதில்லை. வருகிற பையனை நம் வீட்டு முன்னறையில் கிடக்கும் மூன்று பேர் சோபாவில் உட்காரச் சொல்வேன், அவ்வளவுதான், மீதியை அவனே சொல்லிவிடுவான். முதலில் வந்தவன் பஸ் வந்ததும் ஓடிப்போய் ஏறுகிறவன் மாதிரி நுனியில் உட்கார்ந்தான், இவன் எதிலும் நிலைக்க மாட்டான் என்று எழுப்பி அனுப்பினேன். அடுத்தவன் நட்டநடுவில் விழுந்து இரண்டு கையையும் இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டான், பெற்ற தாய் கைப்பிடியில் ஒட்டிக்கொண்டு கிடந்தார், அவனையும் அனுப்பினேன். மூன்றாவது பையன் தங்கமான பையன், பேச்சும் மரியாதை, ஆனால் பேசிக்கொண்டே தையல் ஓரத்திலிருந்து நூலை உருவிக்கொண்டிருந்தான், ஒரு முழம் உருவிவிட்டான் மச்சான், இவன் கையில் குடும்பத்தைக் கொடுத்தால் ஒரு வருஷத்தில் பஞ்சுதான் மிஞ்சும் என்று அவனையும் வேண்டாம் என்றேன். தங்கள் தங்கை அன்றைக்குச் சொன்னாள்: "எங்க வீட்டுக்கு நீங்க முதல்ல வந்தப்போ நாற்காலியத் தலைகீழாக் கவுத்துப் பார்த்தீங்க. எங்க அண்ணன் அன்னிக்கே சொல்லுச்சு, இது பொண்ணு கேக்க வந்த ஆளா, ஏலத்துக்கு வந்த ஆளான்னு." தாங்கள் அப்படிச் சொன்னது உண்மையா என்று பிறகு விசாரித்துக்கொள்கிறேன்.

இப்படி இருக்கும்போதுதான் போன மாதம் ஒரு நாள் தங்கள் மருமகள், வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில், செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். "அப்பா, நான் ஒருத்தரப் பார்த்து வெச்சிருக்கேன். ஞாயித்துக்கிழமை நாங்க காட்டுப் பாதைக்குச் சைக்கிள்ல போறோம்ல, அதுல வர்றவரு. லிஃப்ட் ரிப்பேர் பண்ற வேலை. நீங்க வேணாம்னா வேணாம், நான் அடம் பிடிக்க மாட்டேன். ஆனா ஒண்ணு. அவரைச் சோபால உக்கார வெச்சுப் பார்க்கக் கூடாது. ஒரு நாள் எங்களோட வாங்க, கூட ஓட்டிப் பாருங்க, அப்புறம் சொல்லுங்க." சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

'அடம் பிடிக்க மாட்டேன்' என்றாளே, அந்த இடத்தில்தான் மச்சான் நான் வசமாக மாட்டிக்கொண்டேன். அடம் பிடிக்கிற பெண்ணைச் சமாளித்துவிடலாம். அவள் கத்துவாள், நாமும் கத்தலாம், சாப்பிடாமல் இருப்பாள், நாமும் அவளுக்குத் தெரிகிற மாதிரி சாப்பிடாமல் இருக்கலாம். முடிவை அப்படியே நம் உள்ளங்கையில் வைத்துவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவளை என்ன செய்வது? நான் ஒரு சொல் தப்பாகச் சொன்னால், அவள் சரிப்பா என்று தலையை ஆட்டிவிட்டு, அந்தச் 'சரிப்பா'வோடு ஆயுசு முழுக்க இருந்துவிடுவாள். அவள் ஜாதி அப்படி, அதாவது தங்கள் தங்கையின் பக்கம். ஆகவே போவது என்று முடிவு செய்தேன். போக வேண்டுமானால் சைக்கிள் வேண்டும். என்னிடம் இருப்பது பஞ்சு மூட்டை கட்டுகிற கேரியர் சைக்கிள், அதைக் காட்டுக்குள் விட்டால் அது அங்கேயே தங்கிவிடும்.

அப்போதுதான் என் கிரகம், தங்களுக்கு போன் செய்தேன். தாங்கள் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர், சக்கரம் பெரிதாக இருந்தால் உலகத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்பது தங்கள் கொள்கை. "மாப்ள, மலைச் சைக்கிள்ல இருபத்தொன்பது இன்ச் சக்கரம் ஒண்ணு இருக்கு, கண்ண மூடிக்கிட்டு அத வாங்கு. கல்லு, வேரு, பள்ளம் எதுவும் தெரியாது, அப்படியே ஏறி இறங்கிப் போகும், ஓட ஆரம்பிச்சா லேசுல நிக்காது. அப்புறம் முன்னால மட்டும் ஸ்பிரிங் இருக்கணும், பின்னால இருக்கவே கூடாது" என்றீர்கள். எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. ஸ்பிரிங்கை நம்பித் தாலி கட்டினவன் நான். "என்ன மச்சான், நான் உக்காரப்போறது பின்னாலதானே? முன்னால கைதானே இருக்கு? கைக்கு ஸ்பிரிங், உடம்புக்கு இல்லையா?" என்று கேட்டேன். "அதெல்லாம் உனக்குப் புரியாது, வாங்கு" என்று வைத்துவிட்டீர்கள்.

சைக்கிள் கடையை நடத்துவது ஒரு அம்மா. முப்பது வயது இருக்கும், கையெல்லாம் கிரீஸ், காதில் ஒரு ஸ்க்ரூடிரைவர். நான் உள்ளே போய் வழக்கப்படி ஒவ்வொரு சைக்கிளின் சீட்டையும் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துக்கொண்டே வந்தேன். "சார், மாம்பழம் வாங்க வந்தீங்களா?" என்றார். விவரம் சொன்னேன். அவர் பொறுமையாக விளக்கினார். பின்னாலும் ஸ்பிரிங் வைத்த வண்டி கனமாம், மேட்டில் மிதிக்கும்போது நம் பலத்தில் பாதியை அந்த ஸ்பிரிங்கே விழுங்கிவிடுமாம், பராமரிப்பும் ஜாஸ்தியாம், எப்போதாவது ஓட்டுகிறவருக்கு முன் ஸ்பிரிங் போதுமாம். தாங்கள் சொன்னதையேதான் சொன்னார், ஆனால் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். சக்கரத்தில்தான் தகராறு வந்தது. ஒன்று கொஞ்சம் சின்னச் சக்கரம், சுலபமாகத் திரும்பும். இன்னொன்று தங்கள் இருபத்தொன்பது. நான் எதற்கும் இருக்கட்டும் என்று தங்களை போனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டேன். அதன் பிறகு நடந்தது தங்களுக்கு ஞாபகம் இருக்கும், இருந்தாலும் எழுதுகிறேன், எனக்கு மறக்கவில்லை.

"யாரும்மா அது? எங்க மாப்பிள்ளைக்குப் பெருசாப் பார்த்துக் குடும்மா!"

"சக்கரம் பெருசே எடுக்கலாம் சார். ஃபிரேம்தான் இவருக்குச் சின்ன சைஸ் வேணும்."

"சின்ன சைஸா? எங்க மாப்பிள்ளை என்ன பச்சப் புள்ளையா?"

"சார், நீங்க இவரைக் கடைசியா எப்போ பார்த்தீங்க?"

கடையில் காற்றடித்துக்கொண்டிருந்தவர்கூட பம்பை நிறுத்திவிட்டு என்னை அளந்தார். நான் நின்றாலும் உட்கார்ந்தாலும் பார்க்கிறவர்களுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது என்பது குடும்பத்துக்குள் இருக்க வேண்டிய செய்தி.

கடைக்குப் பின்னால் ஒரு சந்து. அங்கே ஓட்டிப் பார்க்கச் சொன்னார். சின்னச் சக்கரத்தில் போனேன், நடைபாதைக் கல் வந்ததும் வண்டி 'நான் வரலை' என்று நின்றுவிட்டது. பெரிய சக்கரத்தில் போனேன், அதே கல், ஒரு சின்னத் தூக்கு, அந்தப் பக்கம் இருந்தேன். மச்சான், உள்ளதைச் சொல்ல வேண்டும், அந்த நிமிஷம் தாங்கள் தெய்வமாகத் தெரிந்தீர்கள். அதே சந்தோஷத்தில் சந்தின் முனையில் திரும்பப் பார்த்தேன். பெரிய சக்கரம் திரும்புவதற்குக் கொஞ்சம் இடம் கேட்கும் என்று அந்தம்மா சொல்லியிருந்தார், சந்துக்கு அது தெரியவில்லை. நேரே எதிரில் இருந்த முடிவெட்டும் கடைக்குள் போய்விட்டேன். முன்சக்கரம் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றது. கடைக்காரர் கத்திரியை நிறுத்தாமல், "முன்னாடி ரெண்டு பேரு இருக்காங்க, வண்டிய வெளிய நிறுத்திட்டு உக்காருங்க" என்றார். வெளியே வந்து அந்த வண்டியையே வாங்கினேன். சின்ன ஃபிரேம், பெரிய சக்கரம், முன்னால் ஸ்பிரிங், பின்னால் நான்.

இதுவரை நடந்ததற்குத் தங்களைக் குறை சொல்லவில்லை. இனிமேல் நடந்ததற்கும் முழுக்கச் சொல்ல முடியாது, பாதி சொல்வேன். வீட்டுக்கு வந்து ஒரு தெரு ஓட்டினதும் சீட்டின் குணம் தெரிந்தது. அது சீட்டு இல்லை, விறகு. கடைக்கார அம்மாவுக்கு போன் செய்தால், "முதல் ஒரு வாரம் வலிக்கும் சார், அப்புறம் பழகிடும்" என்கிறார். நான் ஒரு வாடிக்கையாளரிடம், இந்தச் சோபாவில் உட்கார்ந்தால் ஒரு வாரம் வலிக்கும், அப்புறம் பழகிவிடும் என்று சொன்னால் அந்தச் சோபாவைத் தூக்கி என் தலையில் போடமாட்டார்களா? இந்த அநியாயத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு தொழிலாளி எப்படிச் சும்மா இருப்பது? சீட்டைக் கழற்றினேன். பல் டாக்டர் வீட்டுப் பழைய சோபாவிலிருந்து எடுத்து வைத்திருந்த ஸ்பிரிங்கில் நல்லதாகப் பார்த்து நான்கை அடியில் கட்டினேன், மேலே கெட்டி ஃபோம் இரண்டு அடுக்கு, அதற்கு மேல் மெரூன் ரெக்சின், ஓரத்துக்கு உள்ளே கயிறு வைத்துத் தைத்த பைப்பிங், நடுவில் குழி விழுகிற மாதிரி பட்டன். நான் செய்ததிலேயே இதுதான் உத்தமமான வேலை என்று நினைத்தேன். தங்கள் தங்கை தையல் மெஷினிலிருந்து எட்டிப் பார்த்து, "இதுல ஏறிக் காட்டுக்குப் போறீங்களா, இல்ல காட்டை ஆளப் போறீங்களா?" என்றாள். மகள் அதைச் சுற்றிவந்து பார்த்தாள். "அப்பா, தயவுசெஞ்சு பழைய சீட்டையே மாட்டிடுங்கப்பா" என்றாள். மாட்டவில்லை. பின்னால் ஸ்பிரிங் இல்லாத வண்டிக்குப் பின்னால் ஸ்பிரிங் கொடுத்தவன் நான், எந்தக் கம்பெனியும் யோசிக்காதது என்று மார்தட்டினேன்.

ஒன்று மட்டும் கணக்கில் தப்பிவிட்டது. சீட்டு அரை சாண் உயர்ந்துவிட்டது. கால் தரைக்கு எட்டவில்லை. சீட்டுத் தண்டைக் கீழே வரை இறக்கியும் எட்டவில்லை. ஏறுவதற்குப் படி வேண்டும், இறங்குவதற்குச் சுவர் வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும், அதில் ஒன்றும் சிரமம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஊர்க்கோடியில் பழைய கல்குவாரிப் பக்கம் பாதை தொடங்குகிறது. அங்கே அந்த லிஃப்ட்காரப் பையன் நின்றிருந்தான். ஒல்லியாக, உயரமாக, எண்ணெய் போட்ட கதவு மாதிரி சத்தமில்லாமல் நடக்கிறவன். கூட வருகிற மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்களாம், நாங்கள் மூன்று பேர்தான். நான் ஒரு பாறையைப் பிடித்து இறங்கி நின்றேன், அவன் வணக்கம் சொன்னான், அவன் பார்வை சீட்டுக்குப் போயிற்று. சிரிக்கவில்லை. "சார், இது நீங்களே பண்ணதா?" "ஆமா." "ஒரு தடவை உக்காந்து பார்க்கலாமா சார்?" என்றான். மகள் அவனைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள், வேண்டாம் என்று. அவனுக்குப் புரியவில்லை, உட்கார்ந்துவிட்டான். சோபாவில் உட்கார வைத்துப் பார்க்கக் கூடாது என்றுதானே மகள் நிபந்தனை போட்டாள், தானே வந்து என் வேலையில் உட்கார்ந்தால் நான் என்ன கண்ணை மூடிக்கொள்வதா? பார்த்தேன். நடுவில் உட்கார்ந்தான், இரண்டு பக்கமும் பாரம் சமமாக, பட்டனைத் திருகவில்லை, பைப்பிங்கை நோண்டவில்லை. இறங்கும்போது ரெக்சினை ஒரு தடவை கையால் தடவிவிட்டு இறங்கினான். ஆனால் ஒரு சைக்கிள் சீட்டை வைத்து மனிதனை எடை போடக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஏற்றம். தங்கள் பெரிய சக்கரம் வேரையும் கல்லையும் விழுங்கிக்கொண்டு போனது வாஸ்தவம். மூச்சுதான் எனக்குச் சின்ன சைஸ். நின்று இளைப்பாற வேண்டும் என்றால் கால் எட்டாதே, ஆகவே வழியில் வருகிற மரத்தை எட்டிக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். மகள் முன்னால் போய்விட்டாள். அந்தப் பையன் என்னை ஒரு தடவைகூட முந்தவில்லை. நான் மரத்தைக் கட்டிக்கொண்டு நிற்கும்போதெல்லாம் பத்தடி பின்னால் நின்று வேறெங்கோ பறவையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தள்ளிவிடட்டுமா என்று கேட்கவில்லை, உதவி செய்து என் மானத்தை வாங்கவில்லை. நானே பேச்சுக் கொடுத்தேன்.

"லிஃப்ட் நடுவுல நின்னுட்டா என்னப்பா பண்ணுவ?"

"ஆள் உள்ள இருந்தா, கையில வேலை, வாயில பேச்சு சார். கதவு திறக்கிற வரைக்கும் அவங்ககிட்டப் பேசிக்கிட்டே இருப்பேன். பயப்பட மாட்டாங்க."

"என்ன பேசுவ?"

"எது வேணா சார். போன வாரம் ஒரு அம்மா உள்ள மாட்டிக்கிட்டு, எனக்குப் பொண்ணு பார்க்க ஆரம்பிச்சிட்டாங்க. கதவு திறக்கிறதுக்குள்ள அவங்க தங்கச்சி பொண்ணோட போட்டோ வரைக்கும் வந்துட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"ஏற்கெனவே ஒரு இடத்துல மாட்டியிருக்கேன்னு சொன்னேன் சார்."

மேலேயிருந்து மகளின் குரல்: "அப்பா, அவரை விசாரிக்காம வண்டிய ஓட்டுங்க!"

உச்சிக்குப் போனதும் பையன் குனிந்து என் முன் ஸ்பிரிங்கின் தலையில் இருந்த குமிழைத் திருப்பினான். "இவ்வளவு நேரம் இது லாக்ல இருந்துச்சு சார். ஏறும்போது அப்படித்தான் இருக்கணும், அதான் சொல்லல. இறங்கும்போது திறந்து விடணும்." பிறகு மகள் பாடம் எடுத்தாள். "அப்பா, இறக்கத்துல உக்காரவே கூடாது. பெடல்ல எழுந்து நின்னு, இடுப்பைப் பின்னால தள்ளுங்க. பிரேக்கை ஒரேயடியாப் பிடிக்காதீங்க." சரி என்றேன். அவள் முதலில் இறங்கினாள். நான் எழுந்து நின்று இடுப்பைப் பின்னால் தள்ளினேன், ஆனால் பின்னால் இடம் எங்கே? என் சிம்மாசனம் அல்லவா இருக்கிறது. தள்ளின இடுப்பு அதன்மேல் போய்ச் சுகமாக உட்கார்ந்துவிட்டது, அது அவ்வளவு வசதியான சீட்டு.

குறுக்கே ஒரு வேர், தொடைப் பருமன். முன்சக்கரம் ஏறியது, முன் ஸ்பிரிங் வாங்கிக்கொண்டது, எனக்கு ஒன்றுமே தெரியவில்லை, ஆகா மச்சான் என்று வாய் விட்டே சொன்னேன். அடுத்து பின்சக்கரம் ஏறியது. பல் டாக்டர் வீட்டு ஸ்பிரிங் நான்கும் அமுங்கின. நல்ல ஸ்பிரிங்குக்கு ஒரு குணம் உண்டு, வாங்கினதை வைத்துக்கொள்ளாது, வட்டியோடு திருப்பிக் கொடுக்கும். நான் மேலே போனேன். எவ்வளவு உயரம் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள், ஆகையால் சொல்லவில்லை. நான் மேலே இருந்தபோது சைக்கிள் கீழே தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்ததைப் பார்த்தேன், அது எனக்காக நிற்கவில்லை. பிறகு நான் ஒரு சேற்றுப் பள்ளத்தில் உட்கார்ந்தேன். கடைசியாக உட்கார்ந்தது அப்போதுதான்.

பெரிய சக்கரம் ஒரு தடவை ஓட ஆரம்பித்தால் லேசில் நிற்காது என்று தாங்கள் சொன்னீர்கள். நிற்கவில்லை. ஆள் இல்லாமல், சாயாமல், வளைவில் அழகாகத் திரும்பி, கீழே காத்திருந்த மகள்வரை போய் அவள் கைக்குள் நின்றிருக்கிறது. அப்பாவை எதிர்பார்த்து நின்றவளுக்கு அப்பாவின் சைக்கிள் மட்டும் வந்து சேர்ந்தால் எப்படி இருக்கும்? அவள் போட்ட அலறல் எனக்குப் பள்ளத்தில் கேட்டது.

பையன் வண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். "எங்க அடி பட்டுச்சு? காலை மடக்குங்க, இப்போ நீட்டுங்க, கையைத் தூக்குங்க, தலை சுத்துதா, இது எத்தனை விரல்" என்று முழுதாகப் பார்த்தான். எலும்பு ஒன்றும் உடையவில்லை என்று தெரிந்தது. தெரிந்ததும் எழுந்து ஒரு மரத்துக்குப் பின்னால் போனான். சரி, தண்ணீர் எடுக்கப் போகிறான் என்று இருந்தேன். மரம் குலுங்கியது மச்சான். இலை உதிர்ந்தது. எட்டிப் பார்த்தால் வாயில் கையை வைத்துக்கொண்டு சிரிக்கிறான். "மன்னிச்சுக்கங்க மாமா... சீட்டு உங்கள... அப்படியே எடுத்து..." என்கிறான், முடிக்க முடியவில்லை, தரையில் உட்கார்ந்துவிட்டான். அதுவரை சார், விழுந்ததும் மாமா! மகள் என் சைக்கிளையும் தள்ளிக்கொண்டு மூச்சிரைக்க ஏறி வந்தபோது, அப்பா சேற்றில் இருக்கிறார், தலையில் ஒரு இலை, அந்தப் பையன் கண்ணைத் துடைத்துக்கொண்டு தரையில் கிடக்கிறான். "உங்களுக்கு அறிவு இருக்கா?" என்று அவனைப் பார்த்துக் கத்தினாள். அவன் எழுந்து வந்து சீட்டின் அடியைக் குனிந்து பார்த்து, "தையல் ஒண்ணுகூடப் பிரியல மாமா, இரும்புதான் உடைஞ்சிருக்கு" என்றான். தொழில் தெரிந்த பேச்சுதான். ஆனால் நான் அவன் முகத்தைப் பார்க்காமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். வீடு வரும் வரை தள்ளிக்கொண்டே வந்தேன்.

அன்றிலிருந்து இந்த வீட்டில் அந்தப் பேச்சே இல்லை. மகள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. என் சைக்கிளைச் சேறு போகக் கழுவித் துடைத்துச் சுவரோரம் நிறுத்தினாள், வேலைக்குப் போகிறாள், வருகிறாள், "முட்டிக்கு மருந்து போட்டீங்களாப்பா" என்பாள், அவ்வளவுதான். என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், ஆனால் பார்க்காத மாதிரி.

என் முடிவு வேண்டாம் என்பது. யோசித்துத்தான் சொல்கிறேன். மாமனார் ஆகப்போகிறவர் பள்ளத்தில் விழுந்தால் பார்த்துச் சிரிக்கிறவன், நாளைக்கு என் பெண் விழுந்தால் என்ன செய்வான்? என் பயமெல்லாம் அதுதான். ஆனால் இதை அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னால் முடியாது, அவள் சரிப்பா என்று சொல்லிவிடுவாள். தாங்கள் தாய்மாமன், சொல்ல உரிமை உள்ளவர், சக்கரத்துக்கு யோசனை சொன்ன வகையில் கடமையும் உள்ளவர். ஆகவே இந்தக் கடிதம் கண்டவுடன் புறப்பட்டு வந்து பதமாக எடுத்துச் சொல்லி இந்தச் சம்பந்தத்தை நிறுத்தித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். வரும்போது ஒரு வேன் பிடித்து வந்தால் அந்தச் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு போகலாம். அதை என் கண் முன்னால் வைத்திருக்க எனக்குத் தெம்பில்லை.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசி. அவர்கள் எதில் ஏறினாலும் கால் தரைக்கு எட்டுகிற பாக்கியம் அவர்களுக்கு எப்போதும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் கணவன்,
தற்சமயம் நிற்பவன்.

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடும் முன் எதற்கும் இருக்கட்டும் என்று தங்கள் தங்கையிடம் கொடுத்தேன். மெஷினை நிறுத்திவிட்டு வாய்விட்டுப் படித்தாள். மரம் குலுங்கிய இடம் வந்ததும் நின்றாள். முகத்தைத் துணிக்குள் வைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது, அழுகிறாளோ என்று கிட்டே போனேன், அழவில்லை. "இதுல என்ன சிரிப்பு?" என்று கோபமாகக் கேட்டேன். "ஒண்ணுமில்ல. அந்தப் பையன் ஓடி வந்து, கை கால் எல்லாம் பார்த்துட்டு, அப்புறம்தானே சிரிச்சான்? நான் மாடிப்படில உருண்டப்போ நீங்க என்ன பண்ணீங்க? முதல்ல சிரிச்சு முடிச்சிட்டு, அப்புறம்தானே தூக்க வந்தீங்க? உங்களோட நான் இத்தன வருஷம் குடும்பம் நடத்தல?" என்றாள். பதில் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். சைக்கிள் ஆள் இல்லாமல் வளைவில் திரும்பிப் போனது அந்த நேரம் பார்த்துக் கண்ணில் வந்துவிட்டது. நானும் சிரித்துவிட்டேன் மச்சான். விலா வலிக்க, மேசையைப் பிடித்துக்கொண்டு, இருவரும் சேர்ந்து. சத்தம் கேட்டு மகள் உள்ளேயிருந்து ஓடிவந்தாள், யாரோ விழுந்துவிட்டார்கள் என்று. "சரிம்மா" என்றேன். "எது சரி?" "அதான், அந்தப் பையன். சரி." அவள் அங்கேயே நின்றாள். "இன்னொரு தடவை சொல்லுங்கப்பா" என்றாள். சொன்னேன்.

ஆகவே மேலே எழுதியதில் வேண்டாம் என்று வருகிற இடத்தில் எல்லாம் வேண்டும் என்று படித்துக்கொள்ளவும். கிழித்துப் போட்டு வேறு எழுதலாம்தான், நின்றுகொண்டு இன்னொரு தடவை எழுத இடுப்பு ஒத்துழைக்காது. நிறுத்துவதற்கு அல்ல, பேசி முடிப்பதற்கு வாருங்கள், அவன் வீட்டார் வரும்போது நம் பக்கம் தாங்கள் இருக்க வேண்டும். வேன் வேண்டாம். பழைய சீட்டை மாட்டிவிட்டேன், அடுத்த ஞாயிறு நாங்கள் எல்லோரும் போவதாக ஏற்பாடு. எல்லோரும் என்றால், தங்கள் தங்கையும் வருகிறேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள், அவளுக்கு ஒரு சைக்கிள் பார்க்கச் சொல்லி கடைக்கார அம்மாவுக்கு போனும் செய்துவிட்டாள். எந்த அளவுச் சக்கரம் என்று தங்களுக்கு போன் வரும். அன்புகூர்ந்து எடுக்க வேண்டாம்.